லோ கட் விழுங்கிய உறுமி

ரெக்கார்டிங் தொழிலில் பாதி வேலை, வேண்டாத சத்தத்தை வெளியே நிறுத்துவதுதான். விஸ்வநத்தத்தில் என் ஸ்டூடியோவுக்கு அடுத்த சுவர் ஆப்செட் பிரஸ். அது ஓடினால் சுவர் வழியாக ஒரு உறுமல் மைக்கில் ஏறும். பிரஸ் பக்கத்தில் மைக் வைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

டீச்சர் பாட்டு

ஈஸ்டர் பாட்டுக்கு ஒரு டீச்சர் வந்தார். நல்ல குரல். அடியில் பிரஸ் ஓடுகிறது. லோ கட் பட்டனைத் தட்டினேன். நூற்றிருபது ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த சத்தத்தை அது வடித்துவிடும். அவர் குரல் அவ்வளவு கீழே இறங்காது, நஷ்டமில்லை. போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

“பிரஸ்ஸ நிப்பாட்டச் சொல்லிட்டீகளா சார்? பாவம், அவுக வேலை கெட்டுப்போகும்லா.”

உறுமி

பட்டனை அப்படியே விட்டது என் தப்பு. மறுநாள் எம். புதுப்பட்டியிலிருந்து மாரியப்பன் உறுமி மேளத்தோடு வந்தார். பட்டாசுக் கம்பெனி வேலை. திருவிழா வந்தால் கொட்டு. பங்குனிப் பொங்கலுக்கு ஒரு ஊர்க் கமிட்டி, வாசித்து அனுப்பச் சொல்லியிருந்தது. மூன்று நாள் கொட்டு. இது அமைந்தால் இன்னும் நாலு ஊர் கூப்பிடும் என்றார். வாசித்தார். நான் மீட்டரைப் பார்த்தேன், காதைக் கொடுக்கவில்லை. அனுப்பிவிட்டோம்.

கமிட்டியில் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். குச்சியால் தோலைத் தேய்க்கும்போது எழும் முனகல்தான் உறுமிக்கு உயிர். பிரஸ் சத்தத்தோடு அதையும் வடித்துவிட்டேன். மாரியப்பன் மறுநாள் காலையில் வந்து நின்றார். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம்.

“தகரத்தத் தட்டி அனுப்பியிருக்கான்னு சொல்லுதாக அண்ணாச்சி. சாயங்காலத்துக்குள்ள வேற அனுப்பணுமாம்.”

மஞ்சளுக்கும் சிவப்புக்கும் நடுவில்

லோ கட்டை எடுத்தால் உறுமி வரும். பிரஸ்ஸும் கூடவே வரும். ஆர்டர் நெருக்கடியில் மெஷினை நிறுத்தச் சொல்ல முடியாது. மெஷின்மேன் சங்கரைக் கேட்டேன். பட்டாசு லேபிளுக்கு மஞ்சள் ஓடுகிறது, மூன்று மணிக்கு முடியும், ரோலரைக் கழுவிச் சிவப்பு மை போடக் கால் மணி நேரம் ஆகும் என்றார். அந்தக் கால் மணிதான் எங்களுக்கு.

மூன்றுக்கு மெஷின் நின்றது. லோ கட்டை எடுத்தேன். மைக்கை இரண்டடி தள்ளி வைத்தேன். மாரியப்பன் தேய்த்தார், என் நாற்காலி அதிர்ந்தது. முதல் தடவை தாளம் பிசகியது. இரண்டாவது தடவை குச்சி நழுவி நிறுத்தினார். மூன்றாவது சுத்தம். மணியைப் பார்த்தால் இருபத்தைந்து நிமிஷம். மெஷின் இன்னும் ஓடவில்லை. எட்டிப் பார்த்தேன். ரோலர் பளபளக்கிறது. சங்கர் கையில் துணியோடு சும்மா நிற்கிறார். ஏன் ஓட்டவில்லை என்றேன்.

“கொட்டு நடுவுல நிக்கப்படாதுல்லா. மொதலாளிட்ட, மஞ்ச இன்னும் காயலன்னுட்டேன்.”

மூன்று நாள் கொட்டும் மாரியப்பனுக்கே கிடைத்தது. முப்பது வருஷம் மைக் பிடித்த எனக்கு, லோ கட் பட்டனுக்கு மேல் ‘குரலுக்கு மட்டும், அதுவும் கேட்டுவிட்டு’ என்று எழுதி ஒட்டுகிற வேலை கிடைத்தது.