வினிகரில் கரையாத றெக்கை

ஆடிக் காற்று குற்றாலத்துக்குச் சாரலைக் கொண்டுவரும். எங்கள் வயலுக்கு அது ஒரு காத்தாடி றெக்கையைக் கொண்டுவந்தது. சுரண்டை பக்கம் எங்கள் வயலை ஒட்டி நின்ற காற்றாலையிலிருந்து பிய்ந்து, நட்ட நாற்றின் மேல் விழுந்தது. கம்பெனிக்காரர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனதோடு சரி. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்திருந்த என் அண்ணன், தானே அறுத்து அப்புறப்படுத்துவதாக இரும்பு அறுக்கும் கிரைண்டரைத் தூக்கினான். சில்லு தெறித்து வலது கண் போயிற்று. எல்லையில் குண்டுக்குத் தப்பிய கண் அது.

நான் வேதியியல் படித்தவள். றெக்கையின் கண்ணாடி இழையை இறுக்கிப் பிடித்திருக்கும் அந்த எபாக்சி பிசின் மண்ணில் மக்காது, எரித்தால் நச்சுப்புகை. உறுதியாகவும் இருக்கவேண்டும், வேண்டும்போது கரையவும் வேண்டும், அப்படி ஒரு பிசினைச் செய்தே தீருவேன் என்று தென்காசியில் ஒரு கொட்டகை பிடித்தேன். கேரளத்திலிருந்து புளியறை வழியாக வரும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய்தான் மூலப்பொருள். பட்டால் தோலை உரித்துவிடும். கை முழுக்கத் தழும்பு. கண்ணாடித் துணியில் அந்தப் பிசினை ஊற்றி இறுகவைத்த பலகைகளில் உருப்படாதவற்றைச் சுவரில் எறிந்தேன். எல்லாம் அப்பளம்போல் நொறுங்கியதில் ஆத்திரம்தான் கூடியது.

ஒருவழியாக உடையாத ஒன்று வந்தது. மறுநாள் காலையில் அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"அடிச்சுப் பாருண்ணே."

சம்மட்டியை எடுத்தான். ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு.

"உடையாததாலதாம்ட்டி எங் கண்ணு போச்சு! இன்னொண்ணு செஞ்சு கொண்டாந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

சம்மட்டி துள்ளி அவன் கால் நகத்தைப் பேர்த்தது. ரத்தத்தோடு அடித்தான். கோபம் எங்கள் வீட்டில் பாகம் பிரிக்காத சொத்து. அவனை நெஞ்சில் பிடித்துத் தள்ளிவிட்டுப் பலகையைப் பிடுங்கி, ஊறுகாய்க்கு ஊற்றும் வினிகரைப் பானையில் கொதிக்கவைத்து அதற்குள் போட்டேன்.

சாயங்காலம் பிசின் கரைந்து, வெறும் கண்ணாடித் துணி மிஞ்சியது. அண்ணன் அதை எடுத்து இழை இழையாகப் பிரித்தான். கண் போன பிறகு அன்றுதான் சிரித்தான்.

"அப்பம் வயல்ல கெடக்குத றெக்கையையும் இப்படிக் கரைச்சிரலாம், என்னட்டி?"

அவன் இத்தனை நாளும் அதற்காகத்தான் காத்திருந்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அது வேற பிசின்ணே. அது கரையாது. இது இனிமே செய்யப்போற றெக்கைக்கு."

துணியைக் கீழே போட்டான். சம்மட்டியை எடுத்துக்கொண்டு நொண்டியபடியே வயலுக்குப் போனான். இருட்டும்வரை அடிக்கிற சத்தம் கேட்டது. உடைகிற சத்தம் கேட்கவில்லை.