நான் எடுக்காத வெற்றிலை

போன வாரம் ஏற்காடு ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஒரு வாக்குவாதம். விடுதியில் வேலை பார்க்கும் இரண்டு பேர் செல்போனில் குத்துச்சண்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெவிவெயிட் சாம்பியன் ஒருவன், பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான். வருடக்கணக்காக அவனை யாரும் ஜெயிக்கவில்லை, அவனைப் போல ஒருத்தன் பிறக்கவே இல்லை என்றார் ஒருவர். மோதியவன் எல்லாம் கிழடும் நொண்டியும்தானே, சரியான ஆள் யாரை அவன் எதிரே நிற்க விட்டான் என்றார் மற்றவர்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. கேட்காத பஞ்சாயத்துக்குள் தலையை விட்டேன். அவன் எல்லாம் ஒரு சாம்பியனா, செத்த பாம்பை அடிக்கிற பயல் என்று கத்தினேன். யாரை ஜெயித்தான் என்று பார்க்காதீர்கள், யாரோடு மோதாமல் தப்பித்தான் என்று பாருங்கள் என்றேன். டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் கையை நிறுத்தினார்.

"ஏனுங்க, இதை நீங்க சொல்றீங்களா?"

கேலியாகத்தான் கேட்டார். அந்த இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பாதி டீயை வைத்துவிட்டுக் காசைக் கொடுத்து எழுந்தேன்.

நான் மஞ்சக்குட்டை வழியில் ஷேர் ஜீப் ஓட்டுகிறவன். எங்கள் ஸ்டாண்டில் ஆயுத பூஜை அன்று கை மடக்கும் போட்டி உண்டு. கழுவி மாலை போட்ட ஜீப்பின் பானெட் மேல் காப்பிச் சாக்கை விரித்து, அதில் முழங்கையை ஊன்றுவோம். போன வருடம் ஜெயித்தவனோடு மோத நினைப்பவர்கள் காலையிலேயே அவன் ஜீப் வைப்பருக்கு அடியில் ஒரு வெற்றிலையைச் செருகி வைக்க வேண்டும். அதில் மூன்றை அவன் எடுப்பான். எடுத்த வெற்றிலைக்காரர்களோடு மட்டும் மோதுவான். மிச்சம் வெயிலில் காயும். இதுதான் வழக்கம்.

தொடர்ந்து ஆறு வருடம் நான்தான் ஜெயித்தேன். ஸ்டாண்டில் என் நடையே மாறிப்போனது. சட்டைக் கையை எப்போதும் மடித்து விட்டுக்கொண்டு திரிவேன். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று என் மனைவி சொல்வாள். அவள் மேல் எரிந்து விழுவேன்.

கொட்டச்சேட்டில் ஒரு எஸ்டேட் தொழிலாளி இருந்தார். என் வயதுதான் இருக்கும். மிளகுக் காலத்தில் சில்வர் ஓக் மரங்களில் ஏறி மிளகு பறிப்பார், மற்ற நாளில் காப்பி மூட்டை சுமப்பார். ஒரு மழை நாளில் நாகலூர் சாலையில் என் ஜீப்பின் பின்சக்கரம் ஓடையில் இறங்கிவிட்டது. அந்த வழியாக வந்தவர் தலையில் இருந்த சாக்கைக் கீழே வைத்துவிட்டு, தோளைக் கொடுத்துத் தூக்கி ஏற்றிவிட்டார். நன்றி சொல்லிக் கையைப் பிடித்தேன். அந்தப் பிடி! பதமாகத்தான் பிடித்தார், ஆனால் இந்தக் கை முன்னால் என் கை நிற்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த வருட ஆயுத பூஜைக்கு என் வைப்பருக்கு அடியில் ஒரு வெற்றிலை புதிதாக இருந்தது. அதில் ஒரு பச்சை மிளகுக் கொத்து. யாருடையது என்று கேட்க வேண்டியதே இல்லை. நான் அதைத் தொடவில்லை. ஜீப் ஓட்டுகிறவர்களுக்குத்தான் போட்டி என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, அரை மணி நேரத்தில் ஒரு ஹோட்டல் சமையல்காரரோடு கையை ஊன்றினேன். அவர் கை மாவு மாதிரி இருந்தது.

நான்கு வருடம் அந்த மிளகு வெற்றிலை வந்தது. நான்கு வருடமும் ஒவ்வொரு சாக்கு சொன்னேன். அவர் ஒரு தடவையும் ஏன் என்று கேட்கவில்லை. காய்ந்த வெற்றிலையைப் பார்த்துவிட்டுக் கடைசி ஜீப்பில் ஏறிப் போய்விடுவார்.

ஐந்தாம் வருடம் மிளகு பறிக்கும்போது ஏணி சரிந்து விழுந்தார். வலது தோள் போய்விட்டது. கட்டுப் பிரித்த பிறகும் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. அந்த ஆயுத பூஜைக்கு அவர் வெற்றிலை வைக்கவில்லை, வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார்.

அதற்குள் ஸ்டாண்டில் பேச்சு கிளம்பியிருந்தது. கொட்டச்சேட்டுக்காரருக்குப் பயந்த சாம்பியன் என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பூஜைத் தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டு நேராகப் போய் அவர் கையில் நீட்டினேன். செருகி வைத்த வெற்றிலையை விட்டுவிடலாம். பூஜை அன்று கையில் கொடுத்த வெற்றிலையை மறுக்கக் கூடாது, மறுத்தால் பூஜைக்கே அவமரியாதை. இது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் நீட்டினேன்.

ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார். வாங்கிக்கொண்டார்.

மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை. சாக்கில் அவர் கை படுத்தது. வலி தாங்காமல் பல்லைக் கடித்துக்கொண்டவர், "ஜெயிச்சிட்டீங்க, உடுங்க" என்றார். அப்போதுதான் நான் இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது. ஒருவரும் கை தட்டவில்லை. மேளம் அடிப்பவர்கூடக் குச்சியைத் தொடையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார்.

அடுத்த வருடம் என் வைப்பருக்கு அடியில் ஒரு வெற்றிலையும் இல்லை. போட்டியே நின்றுபோனது. சே, என்ன பிழைப்பு என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். கொட்டச்சேட்டுக்குப் போய் அவரைப் பார்க்க மட்டும் துணிவு வரவில்லை.

டீக்கடைக்காரர் அப்படிக் கேட்ட மறுநாள் கொட்டச்சேட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க ஒரு வெற்றிலை வாங்கிக்கொண்டேன். அவர் வீட்டு வாசலில் இடது கையால் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாங்க என்று எழுந்து, டீ வைக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

"அந்த நாலு வருசத்துல எந்த வருசம் மோதியிருந்தாலும் நீங்கதானுங்க ஜெயிச்சிருப்பீங்க" என்றேன்.

"அது எப்படிங்க தெரியும்? எனக்கே தெரியாதுங்களே. தெரிஞ்சுக்கத்தானுங்க வருசா வருசம் வந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் வெற்றிலையை நீட்டினேன். அவர் விறகிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நாலு வருசம் நான் வெச்சதை நீங்க எடுக்கலீங்க. இதை மட்டும் நான் எடுக்கணுமுங்களா?"

டீ வந்தது. இரண்டு பேரும் குடித்தோம். இந்த வருடம் மிளகு எப்படி என்று கேட்டேன், பரவாயில்லை என்றார். ஜீப் வரைக்கும் வந்து வழியனுப்பினார். திரும்பும் வழியெல்லாம் அந்த வெற்றிலை என் சட்டைப் பையில் இருந்தது.