பாலாற்றில் படகு விட்டது யார்

என் போன் அப்டேட் போடச் சொல்லி வாரத்துக்கு ஒருமுறை கெஞ்சும். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருப்பேன். முன்பு ஒருமுறை ஏமாந்து போட்டேன். பொத்தான்களை இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். தாலுகா ஆபீசிலிருந்து வந்த அழைப்பை எடுப்பதாக நினைத்துத் துண்டித்துத் தொலைத்தேன். நன்றாக இருப்பதை நோண்டுவதற்கென்றே எங்கோ சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள் என்பது என் தீர்மானமான கருத்து.

என் தோழி நேர்மாறு. புதிதாக எந்த ஆப் வந்தாலும் முதல் நாளே இறக்கிப் பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்ச். இப்போது அவள் திருமுக்கூடலில் வாக்கப்பட்டு, பக்கத்து ஊரில் டீச்சராக இருக்கிறாள். நான் உத்திரமேரூரில் இ-சேவை மையத்தில் உட்கார்ந்து பட்டாவுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் விண்ணப்பம் ஏற்றுகிறேன். எங்கள் இருவருக்கும் பொதுவான பைத்தியம் விஞ்ஞானக் கதை.

நூலகத்தில் இருந்தவை எல்லாம் தீர்ந்ததும் நாங்களே ஒன்று எழுத ஆரம்பித்தோம். ஒரு அத்தியாயம் அவள், அடுத்தது நான். முடிக்கும்போது கதாநாயகியை ஏதாவது ஆபத்தில் மாட்டிவிட வேண்டும். மற்றவள் காப்பாற்ற வேண்டும். இன்னொரு சட்டமும் போட்டோம்: எங்கள் கதையில் இயந்திரம் மனிதரை ஏமாற்றக் கூடாது. படிக்கிற கதையில் பாதி அதுவாகவே இருந்து எங்களுக்கு அலுத்துவிட்டது. என் அனுபவத்தில் கம்ப்யூட்டர் ஹேங் ஆகுமே தவிர, துரோகம் செய்யுமளவுக்கு அதற்குச் சாமர்த்தியம் கிடையாது.

முதல் நான்கு அத்தியாயங்களைக் கோடு போட்ட நோட்டில் எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டில் பார்த்து நோட்டைக் கைமாற்றிக்கொள்வோம்.

“இன்னும் நோட்ட தூக்கிக்கினு அலையணுமா? போன்லயே எழுதுடி. ரெண்டு பேரும் அவங்கவங்க வூட்லேர்ந்தே பாத்துக்கலாம்” என்றாள். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவள் அத்தியாயங்கள் சரசரவென்று வந்தன. நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு எழுதினால், அவள் மறுநாளே அனுப்புவாள். நன்றாகவும் இருந்தன. கொஞ்சம் பொறாமைப்பட்டேன், நிறையப் பெருமைப்பட்டேன்.

ஒன்பதாம் அத்தியாயம் அவளுடைய முறை. கதாநாயகி வேறு கிரகத்திலிருந்து பல நூறு வருடம் கழித்துத் திருமுக்கூடலில் வந்து இறங்குகிறாள். பாலாறு கரை தொட்டு ஓடுகிறது. சித்திரை மாதம். அவள் படகில் ஏறி அக்கரைக்குப் போகிறாள். வேறு எதுவும் நடக்கவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் படித்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்தபடி வைத்துக்கொண்டு அழுதேன். பாலாற்றில் மழை மாதத்தில் சில வாரம் தண்ணீர் வரும். மற்ற நாளெல்லாம் மணலும் சீமைக்கருவேலமும்தான். சித்திரையில் படகு என்று இந்தப் பக்கத்து ஆள் யாரும் தெரியாமல் எழுதிவிட முடியாது; ஏங்கினால்தான் எழுத முடியும். தினமும் பாலாற்றுப் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகிறவள், வெளியே ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை ஆசையை மனதில் வைத்திருக்கிறாளே என்று நினைத்தேன். அடுத்து நான் எழுதிய அத்தியாயங்கள் எல்லாம் அந்த ஆற்றை நம்பித்தான் ஓடின. படகுத்துறை கட்டினேன், மீன் விட்டேன், கரையில் ஊரையே குடியேற்றினேன்.

படகுத்துறை எந்த இடத்தில் வரும் என்று நேரில் பார்க்க ஒரு ஞாயிறு பஸ் ஏறினேன். அவளைப் பாலத்துக்கு வரச் சொல்லியிருந்தேன்.

“அடுத்தது உன் முறை. எப்ப தருவ?” என்று கேட்டேன்.

“இப்பவே தரேன் இரு” என்று போனை எடுத்தாள். என் அத்தியாயத்தை ஒரு ஆப்பில் ஒட்டினாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வரி வரியாக அடுத்த அத்தியாயம் வந்து விழுந்தது. “சூப்பரா எழுதுது இல்ல?” என்று என் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவள் முகத்தில் கூச்சமே இல்லை.

“எப்பலேர்ந்துடி?”

“நோட்ட விட்டதுலேர்ந்து. எனக்கு எங்கடி நேரம் கீது? பேப்பர் திருத்தணும், மாமியாருக்கு முடியல. உனக்கு ஆசையா கீதேன்னுதான் நிறுத்தாம அனுப்பிக்கினு இருந்தேன்.”

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். நேரமில்லாதது பொய் இல்லை.

“நான் எழுதினதயாவது படிச்சியா?”

“அதையும் அதுவே சுருக்கி சொல்லிடும்டி. நாலு வரில புரிஞ்சிடும்.”

ஒன்றரை வருடம் நான் யாருக்கு எழுதினேன்? அந்த ஆப் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்குப் பாலாறு தெரியாது. எல்லா ஆற்றிலும் தண்ணீர் ஓடும் என்று நினைத்துப் படகை விட்டிருக்கிறது. இவளுக்குத் தெரியும். அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்திருந்தால் சிரித்திருப்பாள், இல்லை அழுதிருப்பாள்.

ஒருவேளை படித்திருப்பாளோ என்று கடைசியாக ஒரு நப்பாசை.

“ஆத்துல தண்ணி ஓடிச்சே, அது பிடிச்சிதா?”

போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

“எந்த ஆறு?”

பாலத்தின் கைப்பிடிச் சுவரில்தான் இருவரும் சாய்ந்து நின்றுகொண்டிருந்தோம். நான் கீழே கை காட்டவில்லை. உத்திரமேரூர் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.