சிலுவைக் குறியை எடுக்கவும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில், வெளிநாட்டு அறிவியல் இதழ்களுக்குப் பக்கம் அமைத்துத் தரும் ஆபீசில் கிரேசிக்குப் பதினேழு வருட வேலை. கல்யாணப் பத்திரிகையை நீட்டினால்கூடப் பேனாவை எடுத்துத் திருத்தித் தொலைப்பாள்.

அவள் வேலையில், கப்பலில் தபால் போன காலத்து வழக்கம் ஒன்று இன்னும் இருக்கிறது. அச்சாகும் முன் கட்டுரையை எழுதியவருக்கு அனுப்பவேண்டும். அவர் சொல்லும் திருத்தத்தைப் போடவேண்டும். போடாவிட்டால் காரணத்தை அவருக்கே எழுதவேண்டும். இல்லையென்றால் கணினி அடுத்த பக்கத்துக்கு நகராது.

சிதம்பரம் பேராசிரியர் வைத்திலிங்கத்தின் கட்டுரை வந்தது. கிள்ளை அலையாத்திக் காட்டுச் சேற்றின் உப்பைப் பற்றியது. ஜனவரி ஒன்பதாம் தேதி அங்கேயே படகு கவிழ்ந்து இறந்துபோனார் மனுஷன். மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. இறந்தவர் பெயரருகே போடும் சிறு சிலுவைக் குறியைக் கிரேசிதான் போட்டாள். கூட எழுதியவர்களுக்கு அனுப்பிய மெயில், பழக்கதோஷத்தில் அவருக்கும் போய்விட்டது.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவர் முகவரியிலிருந்தே இரண்டு திருத்தங்கள் வந்தன. 'மூன்றாம் அட்டவணையில் 13 அல்ல, 31. என் பெயரருகே உள்ள குறியை எடுக்கவும்.'

யாரோ விளையாடுகிறார்கள் என்று கோபம்தான் வந்தது. மதியமே சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி, அவர் வீட்டில் அந்த மெயிலைக் காட்டினாள்.

"அவரு போனு தண்ணியோட போச்சும்மா. பாஸ்வேர்டு எங்க யாருக்கும் தெரியாது" என்றபடி பேராசிரியரின் மனைவி லோகநாயகி அவருடைய நோட்டை எடுத்து வந்தாள். சேறு காய்ந்த பக்கத்தில் 31 என்றே இருந்தது.

"நம்பர மாத்திடும்மா. குறிய மட்டும் எடுத்துடாத" என்றாள் லோகநாயகி. "தெனம் சாயங்காலம் வாசல்ல சேத்துக்காலு தடம். நானும் கழுவிகிட்டே இருக்கேன். அவரு போயாவணும். அதச் சொல்ல எனக்கு வாய் வரல."

மறுநாள் கிரேசி எண்ணைத் திருத்தினாள். குறியை விட்டுவிட்டாள். கணினி காரணம் கேட்டு நின்றது. பொய் எழுதிப் பழக்கமில்லாதவள், உள்ளதையே அடித்தாள்: 'ஐயா, நீங்கள் ஜனவரி 9 அன்று இறந்துவிட்டீர்கள்.' பயமாகவும் இருந்தது, அவரை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

பதினொரு மணிக்குப் பதில் வந்தது. '9 அல்ல, 10. மற்றவை சரி. குறி இருக்கட்டும்.'

அப்படியானால் ஒரு ராத்திரி முழுக்க அந்தச் சேற்றில் உயிரோடு கிடந்திருக்கிறார்.

சாயங்காலம் லோகநாயகிக்குப் போன் செய்தாள். "வாசல் எப்படிம்மா இருக்கு?"

"இன்னிக்கு ஒண்ணும் இல்லம்மா. காஞ்சி கெடக்கு. அவரு ஏதாவது எழுதுனாரா?"

"எல்லாம் சரின்னு எழுதியிருந்தாரும்மா" என்றாள் கிரேசி.