உரசாத கை

நாரணாபுரம் தாண்டி, மின்கம்பம் வராத கரிசல் காட்டில் ஒரு டீக்கடை. தாழ்ந்த கூரையில் ஒற்றை சோலார் பேனல். செத்துப்போன என் போனை அதில்தான் சார்ஜ் போட்டிருக்கிறேன். மதுரை ஆஸ்பத்திரியில் தங்கைக்கு இன்று காலை ஆபரேஷன்.

சார்ஜ் ஏறவில்லை. பேனல் முழுக்கப் புழுதி. உதவுவதாக நினைத்து, ஸ்டூலில் ஏறிக் காய்ந்த துணியை எடுக்கிறேன்.

"ஐயோ, உரசாதீக!"

கடைக்கார அக்கா ஓடி வருகிறார். சொம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றுகிறார். புழுதி வழிந்தோடியதும் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுக்கிறார்.

"இருவது வருசம் பட்டாசுக் கம்பெனில மருந்து அடைச்சவ நான். காஞ்சதை உரச எனக்குக் கை வராது. அங்கன உரசுனா உசுரு போயிரும். இங்கன கண்ணாடிதானே கீறும்னு விடச் சொல்றீகளா?"

போன குளிர்காலத்தில் லடாக்கில், தங்கிய கூடாரத்தின் பேனலில் உறைந்த பனியைத் தகரத்தால் சுரண்டிப் பாழாக்கியவன் நான்.

அரை மணியில் போன் உயிர்பெற்று அடிக்கிறது. தங்கையின் கணவர்.

"கண்ணு முழிச்சிட்டா மச்சான். உங்களைத்தான் கேக்குறா."

அக்காவைப் பார்த்துக் கும்பிடுகிறேன். கண்ணைத் துடைக்கத் துண்டை எடுத்தவன், தேய்க்காமல் ஒற்றி எடுக்கிறேன்.