ஜீப்பின் பின்னிருக்கை

நான் பொய் சொன்னேன். ஜீப்பில் இடம் இருந்தது... இல்லை என்றேன்.

போடியிலிருந்து ஒரு பத்திரிகைக்குச் செய்தி அனுப்புவது என் வேலை. 1950-களின் நடுவில், ஏலக்காய் அறுவடையைப் பற்றி எழுத ஒரு மலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். காய் பச்சை மாறாமல் உலர, சலவைச் சோடா கரைத்த தொட்டியில் அதை ஊறவைப்பார்கள். கையால் அலசிக் கூடையில் அள்ளுவது பேச்சியின் வேலை. போடிக்குப் பக்கத்து ஊரான சிலமலைக்காரி.

அவளுக்கு மணிக்கட்டுவரை தோல் உரிந்திருந்தது. விரலிடுக்குகளில் நீர் வடிந்தது.

"காயி பச்சையா இருக்கணும்னு எங்க தோலை உரிக்கிறாகண்ணே" என்று சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "போடி ஆஸ்பத்திரிக்கு நடந்தா போக ஒரு நாளு, வர ஒரு நாளு. ரெண்டு நாளு வரலேன்னா கங்காணி வேற ஆளைப் போட்டுருவாரு. நாளைக்கு லீவு. இப்பக் கூட்டிட்டுப் போனீகன்னா, கையைக் காட்டிட்டு நடந்தே வந்துருவேன்."

"பின்னாடி எடம் கெடக்குண்ணே, ஏறச் சொல்லவா?" என்றார் டிரைவர்.

பின்னிருக்கையில் ஒரு சிறு மூட்டை. மேனேஜர் எனக்கு அன்பளிப்பாகத் தந்த ஏலக்காய்.

"லோடு இருக்கு" என்றேன்.

"மூட்டையை நான் மடியில வச்சுக்கிறேனே..."

"வண்டியை எடுப்பா!"

தொற்றிவிடுமோ என்ற பயம்! அவள் அலசிய காய் வேண்டும், அலசிய கை வேண்டாம். இது என்ன கணக்கு? நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு நாளில் என் கை அரிப்பதுபோல் தோன்றியது. ஆஸ்பத்திரி என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. போய், பேச்சியின் கையைப் பற்றியும் சொன்னேன். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்றார் டாக்டர். "அது சோடாப் புண், தொற்றாது. பத்து நாள் தண்ணீர் படாமல் களிம்பு போட்டால் ஆறிவிடும்."

பத்து நாள் தண்ணீர் படாத கை! அந்த மலையில் அது மேனேஜரின் மனைவிக்குத்தான் வாய்க்கும்.

இதையாவது எழுதினேனா? 'மலையில் விளையும் பச்சைத் தங்கம்' என்று எழுதினேன். மேனேஜர் பாராட்டிக் கடிதம் போட்டார்.

அடுத்த அறுவடையில் தொட்டியருகே வேறொரு பெண் நின்றாள். கங்காணியைக் கேட்டேன்.

"பேச்சியா? வெரலு சீப்புடிச்சு ரெண்டை எடுத்துட்டாகண்ணே. ஊருக்கு அனுப்பியாச்சு. அந்தக் கையை வச்சு இங்க என்ன சோலி பாப்பா?"

நான் குறிப்பேட்டை மூடிக்கொண்டேன்.

மாதம் இருமுறையாவது சிலமலை வழியாகப் பஸ்சில் போகிறேன். பஸ் நிற்கும்... ஆட்கள் ஏறுவார்கள், இறங்குவார்கள். அவள் வீடு எதுவென்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஊர் ஊராக விசாரிப்பதுதான் என் பிழைப்பு. அந்த ஒரு ஊரில் மட்டும் நான் இதுவரை யாரையும் விசாரித்ததில்லை.