புஷ்பவல்லி மாற்றிய உருளைகள்

1989-இல் மலேசியாவின் கிள்ளான் வட்டார ஆபீஸ்களில் ஃபோட்டோஸ்டாட் மெஷின் மக்கர் பண்ணினால், கருவிப் பையோடு கப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குபவள் புஷ்பவல்லி. வீடு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில். அதற்கு முன் தெலுக் பங்லிமா காராங் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் மூன்று வருஷம் சால்டரிங் வேலை. மெஷின் கம்பெனியில் பதினோரு டெக்னீஷியன்கள். பெண் அவள் ஒருத்திதான். மெஷினிலிருந்து வரும் சூடான தாளின் வாசனை பட்டால் இன்றைக்கும் அந்தக் காலம் கண்முன் வந்துவிடும் அவளுக்கு. அதிலும் ஒரு நாள்.

கிள்ளானில் மாடியில் ஒரு வக்கீல் ஆபீஸ். அங்கே தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, சண்முகரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், கறாரான மனுஷர். அவள் உள்ளே நுழையும்போதே முகம் கடுகடுவென்றிருந்தது.

"பிள்ளை, போன மாதம்தானே வந்து பார்த்தனீர்? இப்ப தாளைத் தின்னுது."

மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயசு அம்மா ஒருத்தர் மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். பெயர் மாரியாயி. இங்கேயே பிறந்தும் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தரும் சிவப்பு அடையாள அட்டை, சிவப்பு ஐசிதான். குடியுரிமைக்கு மனுப் போட வந்தவர். அவருடைய பிறப்புப் பத்திரம் தாளை இழுக்கும் ஃபீடருக்குள்ளே சிக்கிக் கிடந்தது.

"அது ஒண்ணுதான் தங்கச்சி இருக்கு," என்றார் மாரியாயி.

புஷ்பவல்லி மூடியைத் திறந்தாள். உருளைகளின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து மின்னியது. போன மாசமே இது தெரியும். புது உருளை கையில் இல்லை. 'இப்போதைக்கு ஓடினால் போதும்' என்று ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, சர்வீஸ் கார்டில் 'சரி' என்று எழுதிவிட்டுப் போனவள் அவள்தான்.

உருளையைச் சுழற்றும் பக்கவாட்டுக் குமிழை மயிரிழை மயிரிழையாகப் பின்னால் திருப்பினாள். கால் மணி நேரம் ஆனது. பத்திரம் கசங்கி, ஒரு ஓரம் கிழிந்து வந்தது. எழுத்துக்குச் சேதமில்லை.

"பழைய பேப்பர். அதுதான் சிக்கியிருக்கு," என்றார் சண்முகரத்தினம், மாரியாயியைப் பார்த்து.

"இல்ல சார்," என்றாள் புஷ்பவல்லி. "ரோலர் தேஞ்சு போச்சு. போன மாசமே மாத்தியிருக்கணும். நான்தான் துடைச்சுட்டுப் போயிட்டேன். தப்பு என்னுது."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கிளிப்பைத் தள்ளித் தண்டை உருவினாள். பழைய உருளைகளைக் கழற்றி, கொண்டுவந்திருந்த புதியவற்றை விரல் அழுக்குப் படாமல் மாட்டினாள். தாளைப் பிரித்துவிடும் சின்ன ரப்பர் பட்டையும் புதிது. முப்பது வெள்ளைத் தாளை விட்டுப் பார்த்தாள். ஒன்றன் பின் ஒன்றாக ஓடின. ஆனாலும் பத்திரத்தை அதில் விடவில்லை. கையால் நீவி, மெஷினின் கண்ணாடித் தட்டில் படுக்க வைத்து நகல் எடுத்தாள்.

"அதுல என்ன தங்கச்சி எழுதியிருக்கு? இதுவரைக்கும் யாரும் எனக்கு முழுசாப் படிச்சுக் காட்டல."

புஷ்பவல்லி இங்கிலீஷைத் தமிழாக்கிக்கொண்டே படித்தாள். "பொறந்த இடம், சுங்கை பூலோ பக்கம் ஒரு தோட்டம். அப்பா பேரு ரெங்கசாமி. பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கிறவர். வயசு இருபத்திநாலு."

"இருபத்திநாலா?" மாரியாயி தாளைத் தொட்டுப் பார்த்தார். "நான் தவழ்றப்பவே போயிட்டாரு. மொகமே தெரியாது. எப்பவும் வயசான ஆளாத்தான் நெனச்சுக்குவேன். எம்மகனவிடச் சின்னப் புள்ளையா இருந்திருக்காரு."

சண்முகரத்தினம் எழுந்து வந்து, கிழிந்த ஓரத்தைத் தானே பசைத்தாள் வைத்து ஒட்டி, பத்திரத்தைப் புது உறையில் போட்டு மாரியாயியிடம் கொடுத்தார்.

மனு பாஸாக ஒன்றரை வருஷம் ஆனது. குடிமக்களுக்கான நீல ஐசி வந்த அன்று மாரியாயி ஆபீசுக்கே ஃபோன் போட்டு, அந்த மெஷின் தங்கச்சிக்கும் சொல்லச் சொன்னாராம். சண்முகரத்தினம் ஓய்வு பெறும்வரை, மெஷின் நின்றால் கம்பெனிக்கு ஃபோன் போட்டு ஒரே வார்த்தைதான் சொல்வார்: "புஷ்பவல்லியை அனுப்புங்கோ."